விரற்கடை

பதினோரு ஓட்டில் ஜெயித்தவள் நான்.
அதிலும் நாலு, செல்லாதென்று தள்ளி
மறுபடி எண்ணிச் சேர்த்தது.
கரையில் நின்ற முந்நூறு பேருக்கும்
அன்றிரவு அது நினைவிருந்தது.

கார்த்திகை. மூன்றாம் நாள் மழை.
மேலூருக்குக் கிழக்கே எங்கள் கொழுஞ்சிக் கண்மாய்
கரை முட்ட நின்றது.
மேலத்தெரு, தெற்கே வெட்டு என்றது.
தெற்கே வெட்டினால் காலனி, நாற்பத்தாறு வீடு.
காலனி, வடக்கே வெட்டு என்றது.
வடக்கே வெட்டினால் பொதி கட்டி நிற்கும் நெல்.
தாசில்தார் போனில்,
"பார்த்து முடிவெடுங்கம்மா" என்றார்.
எதைப் பார்த்து என்று கேட்பதற்குள்
சிக்னல் போய்விட்டது.

நீர்ப்பாய்ச்சி மாயழகு
மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு கீறி
மடையோரம் ஊன்றியிருந்தான்.
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
எண்ணிக்கை மட்டும் சொல்வான்.
பன்னிரண்டு மணிக்கு, "கரைக்கு ஒரு சாண்."
ஒரு மணிக்கு, "ஒம்பது விரக்கடை."
"பொம்பளைக்குக் கை நடுங்குது" என்றான்
டார்ச் அடித்த ஒருவன்.
என் கையைத்தான் அடித்தான்.
நடுங்கத்தான் செய்தது.

எனக்கு, சம்பந்தமே இல்லாமல்,
மலைக்குகை ஞாபகம்.
ஊர் அதைப் பஞ்சவர் படுக்கை என்னும்,
போர்டு சமணர் என்கிறது.
நூறுநாள் வேலையில் முள் வெட்டப் போனபோது
மத்தியானம் அதில்தான் படுப்போம்.
வழுவழுவென்று கல், தலைக்குக் கல்லிலேயே மேடு.
சும்மா இருக்க வந்த ஆட்கள்,
யோசிப்பதற்கென்றே மலையேறியவர்கள்,
அப்படித்தான் நினைத்திருந்தேன்
ஒருநாள் கோடைமழை பிடிக்கும்வரை.

பாறை முதுகில் புரண்டு வந்த தண்ணீர்
குகையின் நெற்றிக்கு வந்ததும்
சொல்லிவைத்தாற்போல் நின்று
வெளியே சொட்டியது.
உள்ளே ஒரு துளி இல்லை.
எட்டிப் பார்த்தேன்:
பாறை நெடுக, ஒரு விரல் அகலத்தில்
உளி போட்ட கோடு.

படுக்கை பிறகு வெட்டியிருக்க வேண்டும்.
முதலில் அந்தக் கோடு.
அதற்கும் முன்னால், எவனோ ஒருத்தன்
ஒரு மழை முழுக்க நனைந்து நின்றிருக்க வேண்டும்,
தண்ணீர் எந்த வழி வருகிறதென்று.
பசி தாங்கியவர்கள், குளிர் தாங்கியவர்கள்,
ஒழுகலை மட்டும் தாங்கிக்கொள்ளவில்லை.

கொழுஞ்சித் தண்ணீர் எந்த வழி போகும்?
எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.
கலிங்கு தாண்டி மறுகால் ஓடை,
ஓடைக்குக் குறுக்கே கல்யாண மண்டபம்,
மண்டபத்தின் பின்சுவர்.
கட்டியவர் என் புருஷனின் அண்ணன் ஒச்சாத்தேவர்.
என் போஸ்டருக்குப் பசை வாங்கிய காசு
அவருடையது.

இரண்டு மணிக்கு, "ஆறு விரக்கடை."
கல்குவாரி ஜேசிபி வந்து சேர நாற்பது நிமிடம்.
கலிங்குப் பலகையைத் தூக்கச் சொன்னேன்.
சுவரை இடிக்கச் சொன்னேன்.
கொழுந்தன்மார் இரண்டு பேர்
வண்டிக்கு முன்னால் போய் நின்றார்கள்.
நானும் போய் அவர்களுக்கு முன்னால் நின்றேன்.
என்ன பேசினோம் என்று இப்போது நினைவில்லை.
சுவர் சாயும்போது
இரண்டரை விரற்கடை மிச்சமிருந்தது.

பொறுமையாக முடிவெடுத்த தலைவி என்று
பேப்பரில் போட்டார்கள்.
ஒரு மணிக்கே கணக்கு முடிந்துவிட்டது.
மணிக்கு மூன்று விரல், நாலு மணிக்குக் கரை உடையும்,
குழந்தைகூடச் சொல்லும்.
அதுவரை காத்தது பொறுமை.
அதற்குப் பிந்திய ஒரு மணி நேரம்
மச்சான் முகத்துக்குப் பயந்தது.
இருட்டில் இரண்டும்
ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும்.
மாயழகுவுக்குத் தெரிந்திருக்கும்.
அவன் எண்ணிக்கை மட்டும்தான் சொல்வான்.

தை முடிந்து குகைக்குப் போனேன்.
கோட்டில் விரலை வைத்தேன்.
பாசி. உள்ளே இன்னும் ஈரம்.

நேற்று மண்டபத்துக்குப் பின்னால்
புதுச்சுவருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்,
ஓடையை விட்டு மூன்றடி தள்ளித்தானாம்.
டேப்பும் வரைபடமும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்,
இந்த முறை பகலிலேயே.